செயின்சோ காபரேட்டரை வீட்டிலேயே திருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் காற்றும் மழையும் தொடங்கும்போதுதான் பல வீடுகளில் செயின்சோவின் ஞாபகம் வரும். ஒழுங்கையை மறித்து வேம்பு சாயும், வேலியில் முருங்கை முறிந்து தொங்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்டவர்கள் உள்ள வீடுகளில் மாரிக்கு முன்னரே ஆபத்தான கொப்புகளைத் தறித்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து, கச்சான் காலம் முழுக்க மூலையில் கிடந்த மெஷின் ஸ்டார்ட் ஆகாது. கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலித்த பிறகு, "காபரேட்டர் போயிற்று" என்ற தீர்ப்பு வந்துவிடும்.

காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டர் உண்மையிலேயே உடைந்து போவது குறைவு. உள்ளே இருக்கும் தாள் போன்ற இரண்டு டயபிரம், ஒரு சிறிய ஊசி, ஒரு வலைத்துண்டு ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் பழுதாகியிருக்கும். அவற்றை மாற்றவும் சுத்தம் செய்யவும் கராஜ் தேவையில்லை. பொறுமையும் சுத்தமான மேசையும் பொருத்தமான கிட்டும் இருந்தால் வீட்டிலேயே முடியும். பெற்றோல் டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியை மனதில் வைத்துக்கொண்டு, அந்த வழியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துப் போனால் பழுது எங்கே என்று தானாகத் தெரியும். இந்த வழிகாட்டியும் அந்த ஒழுங்கில்தான் போகிறது.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது

மோட்டார் சைக்கிள் காபரேட்டரைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. மோட்டார் சைக்கிளில் மிதவை இருக்கிறது. கிண்ணத்தில் பெற்றோல் நிறைந்ததும் மிதவை உயர்ந்து ஊசியை அடைக்கும். செயின்சோவையோ சரித்தும் பக்கவாட்டாகவும் சில வேளை தலைகீழாகவும் பிடித்து அரிய வேண்டும். அங்கே மிதவை நிற்காது. அதனால் இதில் டயபிரம் வகைக் காபரேட்டர் பூட்டியிருக்கிறார்கள்.

பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எஞ்சினின் அடியறையில் காற்றழுத்தம் ஏறி இறங்கும். ஒரு சிறு துவாரம் வழியாக, அல்லது ஒரு சின்னக் குழாய் வழியாக, அந்தத் துடிப்பு காபரேட்டருக்கு வரும். அது முதலாவது டயபிரமை, அதாவது பம்ப் டயபிரமை, முன்னும் பின்னும் அசைக்கும். அதில் வெட்டியிருக்கும் இரண்டு சிறு நாக்குகள் வால்வு போலத் திறந்து மூட, டாங்கியிலிருந்து பெற்றோல் இழுபட்டு வரும். வந்த பெற்றோல் மெல்லிய வலை ஒன்றில் வடிந்து, ஊசி வால்வுக்குப் போகும்.

அந்த ஊசியைத் தூக்குவது ஒரு குட்டி லீவர். லீவரை அமுக்குவது இரண்டாவது டயபிரம். இதை மீட்டரிங் டயபிரம் என்பார்கள். அதன் ஒரு பக்கம் பெற்றோல், மறுபக்கம் வெளிக்காற்று. மூடியில் இருக்கும் சின்னத் துவாரம் அந்தக் காற்றுக்காகத்தான். எஞ்சின் பெற்றோலை உறிஞ்சும்போது டயபிரம் உள்ளே வளைந்து லீவரை அமுக்கும், ஊசி உயரும், தேவையான அளவு பெற்றோல் மட்டும் உள்ளே வரும். இந்த டயபிரம் காய்ந்து விறைத்துவிட்டால் லீவரை அமுக்காது. மாதக்கணக்கில் கிடந்த மெஷின்களில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

காபரேட்டரைத் தொடுவதற்கு முன்

திறப்பதற்கு முன் குறைந்தது அரை மணி நேரம் வெளிச் சோதனைகளுக்கு ஒதுக்குங்கள். இவற்றைச் செய்யாமல் காபரேட்டரைக் கழற்றுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

டாங்கியில் இருக்கும் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தல் ஒன்றில் ஊற்றிப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படை தெரிந்தால் அது தண்ணீர். கடலிலிருந்தும் வாவியிலிருந்தும் ஈரக்காற்று வீசும் நம் இடங்களில், பாதி நிரம்பிய டாங்கி மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீர் சேர்வது சாதாரணம். மணம் புளித்தது போலவும் நிறம் கடுத்தும் இருந்தால் பெற்றோல் பழசு. புதிதாகக் கலந்து ஊற்றியதும் ஓடத் தொடங்கிய மெஷின்கள் உண்டு.

அடுத்தது டாங்கிக்குள் கிடக்கும் பில்டர். வளைத்த கம்பியால் அதை வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்து வழுவழுப்பாக இருந்தால் மாற்ற வேண்டும். அதோடு வரும் ரப்பர் குழாயை மடித்துப் பாருங்கள். நம் வெயிலில் அது காய்ந்து வெடிப்பது வழக்கம். வெடித்த குழாய் பெற்றோலை விடக் காற்றைத்தான் அதிகம் இழுக்கும்.

மெஷின் ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடம் ஓடி நின்றால், டாங்கி மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். உடனே ஓடினால் டாங்கியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது. காபரேட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எயார் பில்டர், பிளக் இரண்டையும் பாருங்கள். பிளக் முனை இடைவெளி பொதுவாக 0.5 மி.மீ. பிளக்கைக் கழற்றிப் பொறி பார்ப்பதானால் பெற்றோல் சிந்திய இடத்திலிருந்து தள்ளிப் போய்ச் செய்யுங்கள்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. சைலன்சரைக் கழற்றி, அந்தத் துவாரத்துக்குள் டோர்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பிஸ்டனில் மேலிருந்து கீழாக ஆழமான கோடுகள் விழுந்திருந்தால் எஞ்சின் பிடித்திருக்கிறது. காபரேட்டரை எவ்வளவு திருத்தினாலும் அது பலன் தராது. முதலில் சிலிண்டர் வேலை. அப்படிக் கோடு விழுந்ததற்குக் காரணம் பெற்றோல் போதாமல் ஓடியதாகவும் இருக்கலாம். அப்போது சிலிண்டரைச் செய்த பிறகு காபரேட்டரையும் பார்த்தே ஆக வேண்டும்.

இவை எல்லாம் சரியென்றால், பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டியின் கால்வாசிக் கலவைப் பெற்றோலை விட்டு, பிளக்கைப் பூட்டி இழுங்கள். சில வினாடி ஓடி நின்றால் பொறி நல்லது, அழுத்தமும் நல்லது, பெற்றோல்தான் வந்து சேரவில்லை. மாறாக, பிளக் எப்போதும் நனைந்தே வந்தால் ஊசி அடைக்காமல் பெற்றோல் வழிகிறது. அக்சலேட்டரை அமுக்கியதும் தடுமாறி நின்றால் மீட்டரிங் டயபிரமோ, குறைந்த வேகத்துக்கான பெற்றோலைக் கட்டுப்படுத்தும் எல் (L) ஸ்குரூவோ காரணம். இந்த மூன்று நிலைக்கும் காபரேட்டரைத் திறக்கலாம்.

தேவையான சாமான்கள்

சிறிய ஸ்டார் ஸ்குரூ டிரைவர், மெல்லிய தட்டை ஸ்குரூ டிரைவர், 8 மி.மீ. பொக்ஸ் ஸ்பேனர் (பல மெஷின்களில் காபரேட்டர் நட் இந்த அளவுதான்), ஸ்டிஹ்ல் மெஷினென்றால் டி27 (T27) நட்சத்திரத் திறப்பு. காப் கிளீனர் ஸ்பிரே ஒன்று. காது குடையும் பஞ்சுக் குச்சி. நூல் உதிராத வெள்ளைத் துணி. சைக்கிள் பம்ப். கழற்றும் ஸ்குரூக்களை ஒழுங்காக வைக்க ஐஸ் கட்டித் தட்டு ஒன்று மிகவும் உதவும். ஒவ்வொரு குழியிலும் ஒரு பகுதி. துவாரங்களைத் துலக்கத் தங்கூசி, அதாவது மீன்பிடி நைலோன் நூல், ஒரு முழம் வேண்டும். கரையோர வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. கம்பியோ ஊசியோ வேண்டாம். பெற்றோல் வரும் ஜெட் துவாரம் ஒரு மயிரளவு பெரிதானாலும் அந்தக் காபரேட்டர் பிறகு ஒழுங்காக ஓடாது.

திருத்தும் கிட் வாங்குவதற்குக் காபரேட்டரின் உடலில் பொறித்திருக்கும் எழுத்தும் இலக்கமும் தேவை. வால்ப்ரோ, ஸாமா என்ற இரண்டு பெயர்கள்தான் அதிகம் காண்பீர்கள். வால்ப்ரோவின் முழுக் கிட் 'கே' என்றும், டயபிரமும் கஸ்கெட்டும் (கசிவைத் தடுக்கும் தாள்) மட்டும் உள்ளது 'டி' (D) என்றும் தொடங்கும். ஸாமாவில் முழுக் கிட் 'ஆர்பி', மற்றது 'ஜிஎன்டி'. முழுக் கிட்டில் ஊசி, லீவர், ஸ்பிரிங், வலை எல்லாம் வரும், அதையே வாங்குங்கள். மட்டக்களப்பு நகரிலோ கல்முனை, அக்கரைப்பற்றிலோ கடையில் கேட்கும்போது பழைய டயபிரமைக் கையோடு கொண்டுபோய் மேல் வைத்துப் பாருங்கள். துவாரங்கள் ஒன்றுக்கொன்று நேராக வர வேண்டும். கிடைக்காவிட்டால் உடலில் உள்ள இலக்கத்தைப் படமெடுத்து, கொழும்புக்குப் போகிறவர் ஒருவரிடம் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடச் சொல்லலாம்.

சந்தையில் நிறைய ஓடும் 52 சீசீ, 58 சீசீ மலிவு மெஷின்களுக்கு முழுக் காபரேட்டரே குறைந்த விலைக்குக் கிடைக்கும். அவற்றுக்குக் கிட் தேடி அலைவதை விடப் புதிதாக ஒன்று பூட்டுவது சில வேளை புத்திசாலித்தனம். ஸ்டிஹ்ல், ஹஸ்க்வர்னா போன்றவற்றின் அசல் காபரேட்டரை அப்படி எறிந்துவிட வேண்டாம். கிட் போட்டால் அது இன்னும் பல வருடம் ஓடும்.

கழற்றுதல்

வேலையை வெளியே, காற்றோட்டமான நிழலில் செய்யுங்கள். அடுப்பு எரியும் குசினிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வடிக்கும் பெற்றோலைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து உண்மையானது. பிளக் வயரைக் கழற்றி, வாளுக்கு உறை போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஸ்பிரே அடிக்கும்போது கண்ணாடி அணியுங்கள், காப் கிளீனர் சிறு துவாரம் வழியாகத் திரும்பி நேரே கண்ணுக்குப் பாயும்.

மூடியைத் திறப்பதற்கு முன் சோக்கைப் போட்டுவிடுங்கள். அப்போது தட்டு மூடியிருக்கும், மரத்தூள் உள்ளே விழாது. தூரிகையால் எல்லாத் தூளையும் துடைத்த பிறகே எயார் பில்டரை எடுங்கள். இப்போது கைபேசியில் படம் எடுங்கள்: அக்சலேட்டர் கம்பி எந்தத் துவாரத்தில் கொளுவியிருக்கிறது, சோக் கம்பி எப்படி வளைந்து போகிறது, குழாய் எங்கே பூட்டியிருக்கிறது. பிறகு இரண்டு நட்டையும் கழற்றி, காபரேட்டரை நேராக இழுத்து எடுங்கள். கம்பிகளை வளைக்காமல் சரித்துக் கழற்றுங்கள்.

காபரேட்டர் வந்ததும், எஞ்சின் பக்கத்து ரப்பர் பூட்டை, அதாவது காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் துண்டை, பாருங்கள். விரலால் விரித்தால் வெடிப்பு தெரியும். அது வெடித்திருந்தால் காபரேட்டரைச் சுத்தம் செய்து பிரயோசனமில்லை, பூட்டை மாற்ற வேண்டும். துடிப்பு வரும் சிறு குழாய் தனியாக இருந்தால் அதையும் பாருங்கள். எஞ்சின் வாயைச் சிவப்புத் துணியொன்றால் அடைத்து வையுங்கள், பூட்டும்போது கண்ணுக்குத் தெரிந்து எடுத்துவிட வசதியாக.

பம்ப் பக்கம்

வால்ப்ரோ டபிள்யூடி, ஸாமா சி1கியூ போன்ற பல வகைகளில் ஒரு ஸ்குரூ மட்டும் உள்ள மூடிதான் பம்ப் பக்கம். நான்கு ஸ்குரூ உள்ளது மீட்டரிங் பக்கம். பம்ப் மூடியைத் திறந்ததும் டயபிரமும் கஸ்கெட்டும் எந்த ஒழுங்கில் இருக்கின்றன என்று படமெடுங்கள். பெரும்பாலான மெஷின்களில் உடலோடு ஒட்டி டயபிரம், அதன் மேல் கஸ்கெட், பிறகு மூடி. மீட்டரிங் பக்கத்தில் இது தலைகீழ்: உடலோடு ஒட்டிக் கஸ்கெட், மேலே டயபிரம். ஒழுங்கு மாறினால் மெஷின் ஓடாது. ஆதலால் நினைவை விடப் படத்தை நம்புங்கள்.

டயபிரமின் இரண்டு நாக்குகளும் தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். நுனி சுருண்டிருந்தால் பம்ப் ஒழுங்காக இழுக்காது. கீழே வட்ட வலை தெரியும். அதை மெதுவாகக் கொளுவி எடுங்கள். கரும்பச்சை வார்னிஷ் போல எதுவும் ஒட்டியிருந்தால், கிளீனரில் ஊறவிட்டாலும் முழுதாகப் போகாது. கிட்டில் உள்ள புதிய வலையைப் போடுங்கள்.

மீட்டரிங் பக்கம்: வேலையின் இதயம்

நான்கு ஸ்குரூவையும் எடுத்து மூடியைத் தூக்குங்கள். டயபிரமைக் காதருகே வைத்து மெதுவாக அசையுங்கள். காய்ந்த இலை போலச் சத்தம் வந்தால் விறைத்துவிட்டது. சூரிய வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் குண்டூசித் துவாரமும் தெரியும். புதிய டயபிரமைத் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே விளங்கும்.

லீவரைக் கழற்றுவதற்கு முன் அதன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடலின் விளிம்பில் நேர்கோல் ஒன்றை வைத்து, லீவர் முனை எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். வால்ப்ரோ டபிள்யூடி வகையில் விளிம்பிலிருந்து சுமார் 1.5 முதல் 1.8 மி.மீ. கீழே இருக்க வேண்டும். ஸாமாவில் பலவற்றில் லீவர் விளிம்புக்குச் சமமாக வரும். வேறு வகைகளில் அறையின் அடித்தட்டுக்குச் சமமாக வைக்கச் சொல்லும் கைநூல்களும் உண்டு. உங்கள் மாடலின் கைநூல் சொல்வதே முடிவு.

லீவரைப் பிடித்திருக்கும் சிறு ஸ்குரூவைக் கழற்றும்போது லீவரின் மேல் பெருவிரலை வைத்திருங்கள். கீழே இருக்கும் ஸ்பிரிங் துள்ளிப் போகும். மணலில் விழுந்தால் கிடைக்காது. லீவர், அச்சு, ஊசி, ஸ்பிரிங் ஆகியவற்றை ஐஸ் தட்டில் தனித்தனிக் குழிகளில் போடுங்கள்.

ஊசியின் கூர்ப்பகுதியை உருப்பெருக்கி இருந்தால் அதன் கீழ் பாருங்கள். வளையமாக ஒரு கோடு விழுந்திருந்தால் அது ஆசனத்தில் ஒழுங்காக அமராது. பழைய ஸ்பிரிங்கை நீட்டிப் பலப்படுத்த முயல வேண்டாம். ஊசி திறக்கும் அழுத்தம் அந்த ஸ்பிரிங்கில் தங்கியிருக்கிறது. கிட்டில் உள்ளதையே போடுங்கள்.

ஊசி அமரும் ஆசனத்தைப் பஞ்சுக் குச்சியில் கிளீனர் தொட்டு மெதுவாகச் சுற்றித் துடையுங்கள். அறைக்குள் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது தண்ணீர் நின்ற இடம்; அலுமினியம் அரித்திருக்கிறது. மென்மையான தூரிகையால் அதை அகற்றுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வது போலப் புளியோ தேசிக்காயோ போட்டுத் துலக்க வேண்டாம், அந்த அமிலம் அலுமினியத்தை மேலும் தின்னும். ஆசனத்திலேயே குழி விழுந்திருந்தால் அந்தக் காபரேட்டர் முடிந்தது. அதற்கு மேல் நேரம் செலவழிப்பது வீண்.

எல், எச் ஸ்குரூக்களும் துவாரங்களும்

எல் என்பது ஐடில், குறைந்த வேகம். எச் முழு வேகம். ஒவ்வொன்றையும் கடிகார முள் திசையில் மெதுவாகத் திருகி எத்தனை சுற்றில் அடியில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். முட்டியதும் நிறுத்துங்கள். அழுத்தித் திருகினால் கூர்முனை ஆசனத்தைக் கீறிவிடும். பிறகு எதிர்த்திசையில் கழற்றி எடுங்கள். சில புதிய மெஷின்களில் எச் ஸ்குரூவே இருக்காது. சிலவற்றில் சாதாரண டிரைவர் பிடிக்காத டி (D) வடிவத் தலை, அல்லது திருகலைக் கட்டுப்படுத்தும் பிளாஸ்டிக் மூடி. எம்-ட்ரோனிக், ஆட்டோட்யூன் போன்ற மின்னணுக் காபரேட்டரை வீட்டில் சரிசெய்யப் போகாதீர்கள்.

இப்போது ரப்பர், டயபிரம், பிளாஸ்டிக் எதுவும் இல்லாத வெறும் உடல் உங்கள் கையில் இருக்கிறது. கிளீனரின் மெல்லிய குழாயை எல் துவாரத்தில் வைத்து அடியுங்கள். அக்சலேட்டரோடு திரும்பும் காற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று நுண்துவாரங்கள் இருக்கும். அவை எல்லாவற்றிலிருந்தும் ஸ்பிரே வெளியே வர வேண்டும். ஒன்றில் வராவிட்டால் தங்கூசி முனையைச் சரிவாக வெட்டி அந்தத் துவாரத்தில் விட்டு, மறுபடி அடியுங்கள். சில மணி நேரம் கிளீனரில் ஊறவிட்டு மீண்டும் முயன்றால் பெரும்பாலும் விடும். எச் பக்கத்தில் பெரிய குழாயின் நடுவே ஒரு முனை தெரியும். பல மாடல்களில் அதற்குள் ஒரு வழி வால்வு உண்டு. ரயர்க் கடை கொம்ப்ரசரின் முழு அழுத்தத்தை அதில் விட்டால் வால்வு போய்விடும். சைக்கிள் பம்பே போதும்.

மீட்டரிங் அறையில் வட்டமான மெல்லிய உலோக மூடி ஒன்று அழுத்திப் பொருத்தியிருக்கும். வெல்ச் பிளக் என்பார்கள். புதியது கையில் இல்லாமல் அதைக் கிளப்ப வேண்டாம். அதன் ஓரத்தில் கசிவு தெரிந்தால், நன்றாகச் சுத்தம் செய்து ஓரத்தைச் சுற்றி நகப்பூச்சு தடவி முழுதாகக் காயவிடலாம். இது தற்காலிகத் தீர்வு. நிரந்தரமென்றால் புதிய பிளக்தான்.

காற்றுத் தட்டின் அச்சைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆட்டம் அதிகமாக இருந்தால் துவாரம் தேய்ந்து காற்று இழுக்கிறது. இதை வீட்டில் திருத்த முடியாது. எஞ்சினோடு சேரும் முகம் வளைந்திருந்தாலோ மெல்லிய கீறல் இருந்தாலோ, தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் 600 இலக்கத் தண்ணீர் அரத்தாளை வைத்து, காபரேட்டரை எட்டு வடிவில் மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். முகம் முழுக்க ஒரே நிறமாக வந்ததும் நிறுத்தி, தூளை முழுதாகக் கழுவுங்கள்.

பூட்டுதல்

எல்லாம் காய்ந்த பிறகு கழற்றிய ஒழுங்குக்குத் தலைகீழாகப் பூட்டுங்கள். ஸ்பிரிங் அதன் குழியில் நிமிர்ந்து நிற்க வேண்டும், லீவரின் சிறு மேடு அதற்குள் இருக்க வேண்டும். அமுக்கி விட்டால் லீவர் தடையில்லாமல் திரும்பி வர வேண்டும். உயரம் அதிகமானால் பெற்றோல் வழியும், குறைந்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும். லீவரை மிக மெதுவாக வளைத்துச் சரிசெய்யுங்கள். ஊசியை ஆசனத்தில் அழுத்திக்கொண்டு வளைக்கக் கூடாது.

மூடி ஸ்குரூக்களை மூலைக்கு மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். எந்த இடத்திலும் சிலிக்கோன் பசை போட வேண்டாம். பெற்றோலில் அது ஊறிப் பிசுபிசுத்து நேராக ஜெட்டுக்குள் போகும்.

பூட்டியதும் கசிவு சோதனை. பெற்றோல் வரும் முனையில் சுத்தமான குழாய் ஒன்றை மாட்டி வாயால் ஊதுங்கள். காற்று உள்ளே போகக் கூடாது. அழுத்தமானி உள்ள கைப்பம்ப் இருந்தால் 0.8 பார் வரை ஏற்றிப் பாருங்கள், ஸ்டிஹ்ல் திருத்துநர்கள் பார்க்கும் அளவு இது. முள் கீழிறங்கினால் காபரேட்டரை மண்ணெண்ணெயில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடம் கசியும் இடம். பெரும்பாலும் ஊசியின் கீழ் ஒரு தூசி கிடக்கும்.

எஞ்சினில் மாட்டும்போது கஸ்கெட்டில் உள்ள துடிப்புத் துவாரம் உடலில் உள்ளதற்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். கஸ்கெட்டைத் திருப்பிப் போட்டால் அந்தத் துவாரம் மூடிப்போகும், பம்ப் டயபிரமுக்குத் துடிப்பே வராது. எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. காபரேட்டர் மறுபடி பழுதென்று நினைத்து மனம் உடைவீர்கள். சிவப்புத் துணியை எடுத்துவிட்டீர்களா என்பதையும் பாருங்கள்.

டியூன் செய்தல்

எல், எச் இரண்டையும் மெதுவாக அடி வரை திருகி, முன்பு எழுதிய அளவுக்குத் திறவுங்கள். எழுதவில்லையென்றால் பல மாடல்களில் ஒரு சுற்று ஆரம்பத்துக்குப் போதும். கலவை புதிதாக இருக்கட்டும்: 50:1 என்றால் ஒரு லீட்டருக்கு 20 மி.லீ. டூ-ரீ ஒயில், 25:1 என்றால் 40 மி.லீ. எந்த விகிதம் என்று உங்கள் மெஷின் கைநூலும் ஒயில் போத்தலும் சொல்லும். கண்ணால் மதிப்பிட்டு ஊற்றாமல் மருந்து அளக்கும் சிரிஞ்சைப் பாவியுங்கள்.

வாளும் சங்கிலியும் ஒழுங்காகப் பூட்டி, எயார் பில்டர் சுத்தமாக இருக்கும்போதே டியூன் செய்ய வேண்டும். மெஷினை நிலத்தில் வைத்துக் காலால் பிடித்து, பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சில நிமிடம் சூடேற விடுங்கள். அதன் பிறகு எல் ஸ்குரூவை மெதுவாக இரு பக்கமும் திருப்பி, ஐடில் வேகம் எங்கே உச்சமாகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்திலிருந்து எதிர்க்கடிகாரத் திசையில் எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை திறவுங்கள். பிரேக்கை விடுவித்து அக்சலேட்டரை அமுக்கினால் தடுமாறாமல் எழ வேண்டும். பிறகு ஐடில் ஸ்குரூவைச் சங்கிலி சுற்றாத அளவுக்குக் குறையுங்கள். ஸ்டிஹ்லில் அதற்கு எல்ஏ (LA) என்றும் ஹஸ்க்வர்னாவில் டி (T) என்றும் எழுதியிருக்கும். பல சிறிய மெஷின்களில் ஐடில் நிமிடத்துக்கு 2,700 - 2,800 சுற்று அளவில் இருக்கும்.

எச் ஸ்குரூவில்தான் மெஷின்கள் அழிகின்றன. கடிகாரத் திசையில் திருகினால் பெற்றோல் குறையும், சத்தம் கூர்மையாகும், வேகம் கூடும். "இப்ப நல்லா இழுக்குது" என்று அந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். ஆனால் இந்த எஞ்சினுக்கு ஒயிலும் குளிர்ச்சியும் பெற்றோலோடுதான் வருகின்றன. பெற்றோல் குறைந்தால் இரண்டும் குறையும். பிஸ்டன் சூடாகிச் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். அதனால் எப்போதும் சற்றுக் கூடுதல் பெற்றோல் பக்கமே வையுங்கள். மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் சில வினாடி மட்டும் ஓட்டிக் கேளுங்கள். லேசாகக் கரகரத்து, விட்டு விட்டு வெடிப்பது போன்ற ஒலி வர வேண்டும். மரத்தில் அழுத்தியதும் அந்தக் கரகரப்பு மறைந்து சீரான ஒலியாக மாற வேண்டும். மரத்திலிருந்து எடுத்ததும் மறுபடி கரகரக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் எச் சரி. சுற்று அளக்கும் மானி இருந்தால் கைநூலில் சொன்ன உச்ச வேகத்தைத் தாண்டவிடாதீர்கள்.

சோதனைக்கு விறகாக விழுந்து கிடக்கும் வேம்பு, பூவரசு போன்ற கட்டை ஒன்று போதும். தென்னையில் பார்க்காதீர்கள், அதன் நார் சங்கிலியை மழுக்கிவிடும், மெஷின் இழுக்கவில்லையா சங்கிலி வெட்டவில்லையா என்று பிரித்தறிய முடியாது. நிற்கும் மரத்தில் கைவைப்பதானால் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு டாங்கி ஓடியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் மண்ணிறமானால் நல்லது. வெள்ளையாக வெளிறினால் பெற்றோல் போதவில்லை, உடனே எச்சைத் திறவுங்கள். கறுத்து நனைந்திருந்தால் அதிகம்.

பூட்டிய பிறகும் சரிவராவிட்டால்

பெற்றோல் வழிந்துகொண்டே இருந்தால் லீவர் உயரமாக இருக்கிறது, அல்லது ஊசியில் தூசி. ஸ்டார்ட் ஆகி, அக்சலேட்டர் கொடுத்தால் நின்றால் லீவர் தாழ்வு, அல்லது எல் போதாது. அக்சலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் கத்திக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. உடனே நிறுத்துங்கள். ஐடிலில் ஓடும்போது ரப்பர் பூட்டைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீரைச் சிறிது தெளித்துப் பாருங்கள்; சூடான சைலன்சரிலும் பிளக்கிலும் படவிட வேண்டாம். ஒலி மாறும் இடத்தில் வெடிப்பு. இந்தச் சோதனைக்குக் காப் கிளீனரைப் பாவிக்காதீர்கள், தீப்பிடிக்கும். ரப்பர் பூட்டும் கஸ்கெட்டும் நல்லதென்றால் எஞ்சினின் ஒயில் சீல் போயிருக்கலாம். அது கராஜ் வேலை.

மறுபடி பழுதாகாமல்

கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வேலை முடிந்து நீண்ட நாள் வைப்பதானால் டாங்கியை முழுதாக வடித்துவிட்டு, மெஷின் தானாக நிற்கும் வரை ஐடிலில் ஓடவிடுங்கள். அப்போது பெற்றோல் டயபிரமில் நின்று காய்ந்து வார்னிஷாக மாறாது. கடற்கரையோர வீடுகளில் சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல் பலகை மேல் வையுங்கள், உப்பும் ஈரமும் அவ்வளவு ஏறாது.

புதிய டயபிரம் போட்ட மெஷினை முதல் இரண்டு மூன்று டாங்கி ஓட்டிய பிறகு காபரேட்டர் நட்டை ஒருமுறை இறுக்கிப் பார்த்து, எல் ஸ்குரூவையும் மறுபடி சரிசெய்யுங்கள். புதிய டயபிரமும் கஸ்கெட்டும் ஓட ஓடச் சற்று அமர்ந்துகொள்ளும். முதல் நாள் வைத்த அளவு அதன் பிறகு சிறிது மாறியிருக்கும்.